தண்ணீர் கேட்காத ஃபிராங்க்ளின்

கார் என்றால் முகப்பில் ஒரு ரேடியேட்டர் நின்றாக வேண்டும் என்று அமெரிக்கா நம்பியிருந்த காலத்தில், நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரத்துக் கம்பெனி ஒன்று ரேடியேட்டரே இல்லாமல் கார் செய்து விற்றது. முதலாளி ஹெர்பர்ட் ஃபிராங்க்ளின். பொறியாளர் ஜான் வில்கின்சன். 1902-ல் விற்ற முதல் வண்டியிலிருந்தே எஞ்சினைக் குளிர்வித்தது காற்றுதான்.

அந்தப் பிடிவாதம் முழு அழகோடு வெளிப்பட்டது 1920-களின் தொடக்கத்து டூரிங் கார்களில். நான்கு கதவு, ஐந்து பேருக்கு இடம், மடக்கி வைக்கும் கித்தான் கூரை என்று பார்த்தால் அந்நாளைய மற்ற டூரிங் கார்களைப் போலத்தான் இருக்கும். பானெட்டைத் திறந்தால் கதையே வேறு. ஆறு சிலிண்டர்களும் தனித்தனியே வார்க்கப்பட்டு வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய உலோகத் தகடுகள் செங்குத்தாக ஓடுகின்றன. முந்தைய மாடல்களில் பின்னாலிருந்த ஃப்ளைவீலே விசிறியாகிக் காற்றை இழுத்தது. பிறகு முன்புறம் ஊதுவிசிறி ஒன்று வந்து, தகடுகளின் இடுக்கில் காற்றை மேலிருந்து கீழே தள்ளியது. ரேடியேட்டர் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, பம்ப் இல்லை. சிரக்யூஸ் பக்கத்துக் குளிர்காலத்தில் இது சாதாரண விஷயமல்ல. மற்றவர்கள் ராத்திரி தண்ணீரை வடித்துவிட்டுப் படுக்க வேண்டியிருந்தது; உறைந்தால் எஞ்சினே விரிசல் விடும். நடுநிசியில் நோயாளி வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய டாக்டர்கள் ஃபிராங்க்ளினை விரும்பி வாங்கினார்கள்.

அடிச்சட்டம் இன்னும் பெரிய ஆச்சரியம். இரும்பு அல்ல, ஆஷ் மரம். நான்கு சக்கரங்களின் மேலும், இரண்டு வில்களை எதிரெதிரே வைத்துக் கட்டியதுபோல முழுநீள்வட்டப் பட்டாக்கள். அன்றைய கிராமச் சாலைகள் பெரும்பாலும் சேறும் சரளையும். குழியில் இறங்கும்போது மரம் சற்றே வளைந்து கொடுக்கும், பட்டா மீதி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வண்டியும் எடை குறைவு, அதனால் டயர் நீண்ட நாள் உழைத்தது. கனத்தைக் கூட்டித்தான் சொகுசைத் தர முடியும் என்று மற்ற கம்பெனிகள் கணக்குப் போட்ட இடத்தில், வில்கின்சன் கனத்தைக் குறைத்தே அதைச் சாதித்தார். இந்தக் காரின் உண்மையான கலைத்திறன் அதுதான்.

ஆனால் முகம் விற்பனைக்கு இடைஞ்சலாக இருந்தது. மற்ற கார்களைப் போல இருக்கட்டும் என்று டீலர்கள் நெருக்கினார்கள். 1925-ல் ஜே. ஃபிராங்க் டி காஸ் வரைந்த பதினோராம் வரிசை வந்தது. எடுப்பான வண்டி, சந்தேகமில்லை. அதன் முகப்பில் நின்றதோ தண்ணீர் காணாத போலி ரேடியேட்டர்! வில்கின்சன் வேலையை விட்டு விலகினார். அவர் பக்கம்தான் நியாயம்: முந்தைய வரிசைகளின் முகம் எடுப்பாக இல்லாவிட்டாலும், உள்ளே இருப்பதைத்தான் சொன்னது.

பொருளாதார மந்தத்தில் 1934-ல் கார் உற்பத்தி நின்றது. எஞ்சின் கலை மட்டும் விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. 1948-ல் பிரஸ்டன் டக்கர் தன் புகழ்பெற்ற காருக்கு எடுத்துக்கொண்டது ஃபிராங்க்ளின் ஹெலிகாப்டர் எஞ்சினைத்தான். அதைத் தண்ணீரால் குளிரும்படி மாற்றிப் பொருத்தினார்.