மகமைப் பணமும் மூடிய கதவும்: ஹார்ட்கிரேவின் நாடார் ஆய்வு குறித்து ஒரு திறனாய்வு

தாழ்த்தப்பட்ட மக்கள் தலைநிமிர்ந்த வரலாற்றை நம் அருளுரைகள் பெரும்பாலும் இரு வகையாகவே கூறுகின்றன. வெளியிலிருந்து வந்த மிஷனெரி கைதூக்கிவிட்டார் என்பது ஒன்று. பெருமகன் ஒருவர் தோன்றி வழிகாட்டினார் என்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் அடங்காத வரலாறு ஒன்றை அமெரிக்க அரசியல் அறிஞர் இராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் நூலாக்கினார். 'தமிழகத்து நாடார்கள்' என்று பொருள்படும் தலைப்பில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் வெளியிட்ட அந்த ஆங்கில நூல் இன்றும் சாதி ஆய்வாளர்களின் கையில் உள்ளது. ஆனால் நம் இறையியற் கல்லூரிகளில் அதைப் படிப்போர் அரியர். ஒரு சாதியின் பெருமைப் புராணம் என்றெண்ணி ஒதுக்குவோரும் உளர். அவ்வெண்ணம் சரியன்று. இழிவுபடுத்தப்பட்ட மக்கள் வாளெடுக்காமல் எவ்வாறு எதிர்த்து நிற்க இயலும், அவ்வெதிர்ப்பு எவ்விடத்தில் இடறும் என்பதை அறிய விரும்புவோருக்கு இந்நூல் பல உரைகளை விடப் பயன் தரும். நூலாசிரியர் காணத் தவறியவையும் நமக்குப் பாடமாகும்.

நூலின் உயிர்ப்பான பகுதி இராமநாதபுரம் சீமையைப் பற்றியது. பாளையக்காரர் போர்கள் 1801இல் ஓய்ந்தபின் வழிகள் ஓரளவு அச்சம் நீங்கின. தெற்கே தேரிக்காட்டிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் வண்டியேற்றிக் கொணர்ந்த வணிகர், வானம் பார்த்த கரிசற் பூமியில் தங்கி, பருத்தியும் தானியமும் வாங்கி விற்கத் தொடங்கினர். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்னும் ஆறு ஊர்கள் அவர்களின் நிலைக்களங்களாயின. இவற்றுள் பாலையம்பட்டியும் அருப்புக்கோட்டையும் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை. மற்றச் சாதியாரிடையே சிறு தொகையினராக, ஊர்க்கிணற்றிலும் கோயில் வாசலிலும் விலக்கப்பட்டவர்களாக இவர்கள் வாழ்ந்தனர். சரக்கும் மாடும் இரவில் பாதுகாப்பாயிருக்க மதில் சூழ்ந்த பேட்டைகளை எழுப்பினர். பேட்டையைப் பேண உறவின்முறை தோன்றியது. உறவின்முறையைப் பேண மகமை தோன்றியது.

மகமையைப் பற்றி ஆசிரியர் எழுதியுள்ள பக்கங்களை நாம் நிதானமாகப் படிக்க வேண்டும். விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று வணிகர் தாமே ஒரு சிறு தொகையைப் பொதுவில் வைத்தனர். முறைகாரர் அதனைத் திரட்டிக் கணக்கு வைத்தனர். அப்பணத்தில் கிணறு வெட்டப்பட்டது, கோயில் எழுந்தது, வழக்கு நடந்தது, பள்ளி திறக்கப்பட்டது. விருதுநகரில் 1889இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பெண்கள் எடுத்துவைத்த பிடி அரிசியும் உதவியது. பின்னாளில் காமராசர் பயின்ற பள்ளி அதுவே. அகிம்சையை உள்ளத்தின் பண்பாக மட்டுமே பேசிப் பழகிய நமக்கு இச்செய்தி புதிது. அடிக்கு அடி கொடாமல் நெடுநாள் நிற்க வேண்டுமாயின் பொதுப் பணமும் ஒழுங்கான கணக்கும் வேண்டும். விலக்கப்பட்ட கிணற்றுக்கு மாற்றாக வேறொரு கிணறு வேண்டும். அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் 1955 டிசம்பர் தொடங்கி 381 நாள்கள் பேருந்தில் ஏறாமலிருந்ததைப் புகழ்கிறோம். அவர்களை நாள்தோறும் வேலைக்குக் கொண்டுசென்ற கார்களின் ஏற்பாட்டையும், அதற்குச் சபைகள் திரட்டிய காணிக்கையையும் எத்தனை பேர் நினைக்கிறோம்? மார்ட்டின் லூதர் கிங்கின் சொல்வன்மை நமக்குத் தெரிந்த அளவுக்குப் பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தவரின் பொறுமை தெரியவில்லை.

இனி, நூலின் நடுவே நிற்கும் கமுதி வழக்குக்கு வருவோம். 1897 மே 14 அன்று இருளப்ப நாடாரும் அவருடன் சிலரும் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். கோயிலின் அறங்காவலரான இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவர்கள்மீது வழக்குத் தொடுத்தார். சமயங்களின் மாநாட்டுக்கு விவேகானந்தரைச் சிகாகோ அனுப்புவதில் ஊக்கங்காட்டிய அதே மன்னர் இவர் என்பதை இங்கே நினைவூட்டுவது பொருந்தும். 1899 ஜூலையில் மதுரைச் சார்பு நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1901இலும், இலண்டன் பிரிவி கவுன்சில் 1908இலும் அதனையே நிலைநாட்டின. விலக்கி வைப்பது நெடுநாள் வழக்கம், வழக்கமே சட்டம் என்பது முடிவு. இதற்கிடையே 1899 ஜூன் 6 அன்று சிவகாசி தாக்கப்பட்டது. அன்று நாடார்களும் ஆயுதந் தாங்கித் தற்காத்தனர். ஆகவே இவ்வரலாறு முழுவதையும் அகிம்சை வரலாறு என்று பூசி மெழுகுதல் உண்மைக்குப் பொருந்தாது. எனினும் பதினோராண்டுகள் மகமைப் பணத்தைச் செலவிட்டு வழக்காடி, தோற்று, தோற்றபின்னும் பள்ளியையும் சங்கத்தையும் வளர்த்தவர்களின் உறுதி சிறிதன்று. நாடார் மகாஜன சங்கம் 1910இல் பொறையாற்றில் தோன்றியது. இழிவாகக் கருதப்பட்ட பழம்பெயர் நீங்கி 'நாடார்' என்பதே அரசு ஏடுகளில் ஏறியது 1921இல்.

ஆனால் கமுதி வழக்கில் முன்வைக்கப்பட்ட வாதம் என்ன? நாங்கள் சத்திரியர், பாண்டியர் வழித்தோன்றல், ஆதலால் உள்ளே வர உரிமையுடையோம் என்பதே அவ்வாதம். எவரையும் வெளியே நிறுத்தலாகாது என்று அவர்கள் கோரவில்லை. தவறான இடத்தில் எங்களை நிறுத்தியுள்ளீர் என்றுதான் கோரினர். கோட்டை அழிய வேண்டும் என்பதும், கோட்டுக்கு அப்பால் எனக்கு இடம் வேண்டும் என்பதும் வேறு வேறு கோரிக்கைகள். ஹார்ட்கிரேவ் இவ்வேறுபாட்டை அறியாதவர் அல்லர். சத்திரியப் பட்டத்துக்கான முயற்சியை அவர் விரிவாகவே விளக்குகிறார். ஆயினும் அதனை ஏணியின் ஒரு படியாகக் கண்டு மேலே செல்கிறார். அங்கே நின்று அவர் தயங்கியிருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

அவ்வாறு தயங்கியிருந்தால் 1939 ஜூலை 8 அவருக்கு இன்னும் பெரிதாகத் தோன்றியிருக்கும். அன்று காலை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒரு சிறு குழுவை அழைத்துச் சென்றார். மேலூர்ப் பகுதியைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்ட, அரிசனர் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட ஐவர் அதில் இருந்தனர். விருதுநகரைச் சேர்ந்த எஸ். எஸ். சண்முக நாடாரும் அவர்களோடு இருந்தார். மதுரைக் கோயிலில் நாடார்களும் அதுவரை விலக்கப்பட்டவர்களே. கமுதியில் உயர்குலம் என்று சொல்லித் தட்டிய கதவு திறக்கவில்லை. மதுரையில் தமக்கும் கீழே வைக்கப்பட்டிருந்தோருடன் தோளோடு தோள் சேர்ந்து சென்றபோது அது திறந்தது. அரசின் ஆதரவும் அதிகாரி ஆர். எஸ். நாயுடுவின் துணிவும் உடன் உதவின என்பதை மறுப்பதற்கில்லை. அந்நுழைவைக் காக்கச் சட்டமும் அவ்வாண்டே இயற்றப்பட்டது. பட்டர்களில் சிலர் பூசைக்கு வர மறுத்தனர். எனினும் வாதத்தின் அடிப்படையே மாறிவிட்டது என்பதுதான் நாம் கருத வேண்டியது. ஒரு சாதியின் அரசியல் பண்பாட்டை ஆராயும் இந்நூலின் மையத்தில் இந்நாளுக்கு இடமில்லை. ஏனெனில் அது ஒரு சாதியின் கதையன்று.

நூலின் கோட்பாட்டுச் சட்டகத்தின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. சிதறிக் கிடந்த நிலை, ஒன்றிணைந்த நிலை, பின்னர்த் தொழிலாலும் கட்சியாலும் பல கிளையாகப் பிரிந்த நிலை என மூன்று கட்டங்களாக ஆசிரியர் ஒரு சமுதாயத்தின் அரசியல் வளர்ச்சியை வகுக்கிறார். தெளிவான பகுப்புதான். ஆயினும் அளக்கும் கோல் எப்போதும் அச்சமுதாயத்தின் உள்ளேயே நிற்கிறது. பனையேறிகளுக்கும் நிலமுடைய நாடான்களுக்கும் இடையிலிருந்த ஏற்றத்தாழ்வை அவர் நன்கு எழுதியுள்ளார். பேட்டை மதிலுக்கு வெளியே சுமை இறக்கியவர், பருத்தி எடுத்தவர், தெரு கூட்டியவர் ஆகியோர் இவ்வெழுச்சியை எவ்வாறு கண்டனர் என்னும் கேள்வி எழவேயில்லை. ஒன்றுபட்டோர் தமக்காக எழுப்பிய மதில், அடுத்த தலைமுறையில் யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேட்பது இறையியல் மாணவனின் கடமை.

இக்கேள்வி ஏட்டளவானதன்று. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, முதுகுளத்தூர்ச் சீமையில், 1957 செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் கூட்டிய அமைதிக் கூட்டத்தில் தம் மக்களின் பிரதிநிதியாக, எவருக்கும் தாழாமல், இம்மானுவேல் சேகரன் அமர்ந்து பேசினார். படைப்பணி செய்து திரும்பியவர், வயது முப்பத்திரண்டு. மறுநாள் இரவு பரமக்குடியில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்தில் எரிந்த குடிசைகளின் மக்களுக்கு மகமைப் பணமும் இல்லை, பேட்டை மதிலும் இல்லை. சமமாக அமர்ந்ததே குற்றமாக எண்ணப்பட்ட அச்சீமையில், ஒரு சாதியின் ஒற்றுமை அச்சாதியைக் காத்தது. அடுத்தவரை அது காக்கவில்லை.

திருச்சபையின் பங்கை ஹார்ட்கிரேவ் மதிப்புடன் எழுதுகிறார். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை உரிமைக்காக நடத்திய நீண்ட போராட்டமும், அது 1859இல் அரச ஆணையாகக் கனிந்ததும், அதில் மிஷனெரிமார் உடன் நின்றதும் நாம் அறிந்தவையே. ஆனால் கால்டுவெல் 1849இல் திருநெல்வேலி நாடார்களைப் பற்றி வெளியிட்ட நூல், அம்மக்களின் அறிவாற்றலையே இகழ்ந்தது. அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை அயலாரின் ஆதிக்கத்தை வெறுத்துப் பிரிந்து, 1857இல் இந்துக் கிறிஸ்தவர்களுக்கெனத் தனிச்சபை நிறுவினார். மீட்க வந்தோரின் இனச் செருக்கு, மீட்கப்பட்டோரின் தன்மானத்தோடு மோதிய நிகழ்ச்சி அது. அதனை வெறும் சபைப் பிளவு என்று நம் சபை வரலாறுகள் ஒரு வரியில் முடித்துவிடுவது நேர்மையன்று.

நம் மதுரைப் பகுதியிலும் இதற்கு ஒத்த நிகழ்ச்சி உண்டு. திருச்சுழிக்கு அண்மையில் மண்டபசாலையிலும் நிலையம் அமைத்திருந்த அமெரிக்க மதுரை மிஷன், 1847இல் சாதியை விட்டொழிக்காதவர் சபையில் இருத்தலாகாது என்று தீர்மானித்தது. அனைவரும் கூடியிருந்து ஒரே சமையலை உண்பதே சோதனை. பல உபதேசியார்கள் உண்ண மறுத்து வெளியேறினர். பசுமலைக் கல்லூரியும் ஆட்டங்கண்டது. தீர்மானத்தின் நேர்மையைப் பாராட்டுகிறோம். ஆனால் அது மேலிருந்து வந்த பரீட்சை. தட்டை நீட்டியவர் துரை. தேர்வு எழுதியவர் தமிழர். அந்தியோகியாவில் கேபா பந்தியிலிருந்து விலகியபோது பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் என்று கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் படிக்கிறோம். ஆங்கே எதிர்த்தவரும் விலகியவரும் ஒரே இனத்தார், ஒரே பந்தியினர். அரசரடியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியாப்பிலஸ் அப்பாவு, மாணவர்கள் அன்போடு 'பரட்டை' என்றழைத்தவர், ஒரே உலையில் பொங்கி ஒன்றாய் உண்பதைத் தம் இறையியலின் மையமாக்கினார். 1847இன் விருந்துக்கும் அவருடைய உலைக்கும் உள்ள தொலைவு பெரிது. அவ்வுலையில் ஒவ்வொரு வீட்டின் அரிசியும் விழுகிறது. யாரும் யாரையும் சோதிப்பதில்லை.

வெளியார் உடன் நிற்பதைப் பற்றியும் ஒரு சொல். மதுரையில் வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் ஜோசப், கிறிஸ்தவர், குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு எதிராகக் கள்ளர் மக்களின் பக்கம் நின்றவர். 1924இல் வைக்கம் போராட்டத்திலும் அவர் முன்னின்றார். தீண்டாமை இந்துக்களின் பாவம், அதற்குக் கழுவாய் தேட வேண்டியவர் இந்துக்களே, ஆதலால் ஒதுங்குக என்று காந்தியடிகள் அவருக்கு எழுதினார். ஜோசப் ஒதுங்காமல் சிறை சென்றார். காந்தியடிகளின் கருத்தில் ஆழம் உண்டு. குற்றம் செய்தவரே மனந்திரும்ப வேண்டும் என்பது நமக்கும் உடன்பாடே. ஆனால் தெருவில் நடக்கும் உரிமை ஒரு சமயத்தின் உள்விவகாரமாயின், அடிபடுகிறவன் தனக்குத் துணைவனைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் இழக்கிறான். இவ்விடத்தில் நாம் ஜோசப்பின் பக்கமே நிற்கிறோம்.

ஹார்ட்கிரேவின் நூலைத் தனியே படிப்பது போதாது. பூமணியின் 'அஞ்ஞாடி' 2012இல் வெளிவந்து 2014இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. கழுகுமலை, சிவகாசிக் கலவரங்கள் அந்நாவலிலும் வருகின்றன. ஆனால் அங்கே கதை தொடங்குவது ஒரு பள்ளரும் ஒரு வண்ணாரும் சிறுவயது முதற்கொண்டு பாராட்டும் நட்பிலிருந்து. ஆய்வாளர் மதிலுக்கு உள்ளிருந்து எழுதினார். நாவலாசிரியர் வெளியே நின்று, எரியும் ஊரைப் பார்த்தவர்களின் கண்வழியே எழுதினார். இரு நூல்களையும் ஒரே பருவத்தில், ஒரே வகுப்பில் அருகருகே வைத்துக் கற்பிக்கலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துச் சபைகளுக்குச் செல்லவிருக்கும் மாணவர் இரண்டையும் படித்த பின்னரே புறப்படுவது நல்லது.