என் லாங் பிராஞ்ச் த்ரீ நாட் த்ரீ

போல்ட்டின் உருண்டைக் குமிழை உள்ளங்கையால் மேலே தட்டி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்க வேண்டும். எழுதினால் நான்கு வேலை. கைக்கு அது ஒரே வேலை. நல்ல தச்சர் செய்த மேசை இழுப்பறை காற்றை அமுக்கிக்கொண்டு உள்ளே போகுமே, அந்த மாதிரி ஒரு வழுக்கல். சரக், சளக். அவ்வளவுதான், அடுத்த தோட்டா உள்ளே. இந்த ரைஃபிளைச் செய்தது 1943-ல், டொராண்டோவுக்குப் பக்கத்தில். எனக்கு இப்போது ஐம்பது வயது. என் ரைஃபிளுக்கு எண்பதுக்கு மேல். இரண்டு பேரில் மூட்டு வலி எனக்குத்தான்.

லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 என்பது அதன் முறையான பெயர். நம் ஊரில் யாருக்கும் அப்படிச் சொன்னால் தெரியாது. த்ரீ நாட் த்ரீ என்று சொல்லிப் பாருங்கள், உடனே கண்ணில் ஒரு காட்சி வரும்: கருவூல வாசலில், பழுப்புக் கட்டையும் மழுங்கிய மூக்குமாக நீளத் துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்தபடி நிற்கும் காவலர். நான் திருநெல்வேலியில் கல்லூரி படித்தபோது என்.சி.சி.யில் எங்களுக்கு அணிவகுப்புக்குத் தந்ததும் அதன் அண்ணன்தான், பழைய மூன்றாம் மார்க் ரகம். டி.பி. ரைஃபிள் என்பார்கள், டிரில்லுக்கு மட்டும். குழலில் துளை போட்டு, சுட முடியாமல் ஆக்கியிருப்பார்கள். மூன்று வருடம் அதைத் தோளில் சுமந்தேன், வெயிலில் சலாமி ஷஸ்த்ர் வைத்தேன், ஹவில்தார் முன்னால் துடைத்துக் காட்டினேன். அதன் குரலை ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. நாங்கள் சுட்டதெல்லாம் பாயின்ட் டூ டூ. இந்தியாவில் .303 தனியார் வைத்துக்கொள்ளக் கூடாத ரகம் என்பதால், அதைச் சுடும் ஆசையை அங்கேயே மடித்து வைத்துவிட்டேன்.

கனடா வந்து பல வருடம் கழித்து, ஸ்கார்பரோவில் எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், சனிக்கிழமை காலையில் நீளப் பெட்டி ஒன்றைக் காரில் ஏற்றுவதைப் பார்த்தேன். லேத் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னவென்று கேட்டேன். "த்ரீ நாட் த்ரீ, தம்பி. வாறீரோ?" என்றார். அன்றைக்கு என் மடித்து வைத்த ஆசை விரிந்தது, இன்னும் மடியவில்லை.

உரிமம் வாங்குவது இங்கே ஒழுங்கான வேலை. பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு, எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, பிறகு பின்புலச் சரிபார்ப்பு, காத்திருப்பு. வீட்டில் தோட்டா நீக்கி, பூட்டித்தான் வைக்க வேண்டும். இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. இப்படி ஒரு பொருளை வைத்திருப்பவன் முதலில் கற்க வேண்டியது அதுதான்.

நான் வாங்கியது அழகான ரைஃபிள் இல்லை. போர் முடிந்தபின் மிச்சமான இந்தத் துப்பாக்கிகள் மலிவாகக் கிடைத்தன. மான் வேட்டைக்குப் போனவர்கள் எடை குறைய வேண்டுமென்று முன்கட்டையைப் பாதியில் அறுத்துவிடுவார்கள். என்னுடையதும் அப்படி அறுபட்டதுதான். ஆனால் குழலை யாரும் தொடவில்லை, போல்ட்டிலும் உடம்பிலும் ஒரே எண். அண்ணை வாங்கிப் பார்த்து, குழலின் பின்பக்கம் வெளிச்சம் வைத்து, உள்ளே சுருண்டோடும் பள்ளங்களைக் காட்டி, "புரி பளபளவெண்டு கிடக்கு. மரம் தேடலாம், இதைத் தேடேலாது" என்றார். வாங்கிவிட்டேன்.

உடம்பின் இடப்பக்கம் லாங் பிராஞ்ச் என்றும் 1943 என்றும் பொறித்திருக்கிறது. அதைச் செய்த லாங் பிராஞ்ச் தொழிற்சாலை என் வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரம். ஒன்டாரியோ ஏரிக்கரையில், இன்றைய மிசிசாகாவில், 1940-ல் கனடா அரசு கட்டியது. 9 லட்சத்துக்கும் மேல் நம்பர் 4 ரைஃபிள்கள் அங்கிருந்து போயிருக்கின்றன. வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். சோதனைக் கட்டடமும் தண்ணீர்த் தொட்டியும் இன்னும் நிற்கின்றன. கட்டடத்தில் இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஒரு ஞாயிறு மதியம் அங்கே போய் அந்தச் செங்கல் சுவரில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். என் போல்ட் இந்த வாசல் வழியாகத்தானே போயிருக்கும்! யாரோ ஒரு பெண் அளவுகோல் வைத்துப் பார்த்து, சரி என்று முத்திரை குத்தியிருப்பாள். அந்தக் குட்டி முத்திரைகள் திருகாணி வரைக்கும் இருக்கின்றன. பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தால் ஒரு சாயங்காலம் போவதே தெரியாது.

இந்தப் போல்ட்டை யோசித்தவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. 1831-ல் ஸ்காட்லாந்தில் பிறந்து, சின்ன வயதிலேயே ஒன்டாரியோவின் கால்ட் ஊருக்கு வந்தவர். கடிகார வேலை கற்றவர். எனக்கு இது தெரிந்தபோது ஆச்சரியமே வரவில்லை. பிரித்துப் பார்த்தவன் ஊகித்துவிடுவான். மவுசர் ரகப் போல்ட் 90 பாகை திரும்ப வேண்டும், இது 60 பாகையோடு சரி. மவுசரில் பூட்டும் காதுகள் முன்னால், இதில் பின்னால். அதனால் இழுக்க வேண்டிய தூரமும் குறைவு. முக்கியமான சூட்சுமம் சுருள்வில்லில் இருக்கிறது. பின்னாளில் வந்த மவுசரில் போல்ட்டைத் தூக்கும்போதே வில் இறுகும். சுட்ட சூட்டில் தோட்டாவின் பித்தளைக் கூடு ஒட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் கைக்கு அது கூடுதல் பாரம். லீ அதை முன்னால் தள்ளும் கடைசி அங்குலத்தில் வைத்தார். தள்ளும்போது கை வேகத்தில் இருக்கிறது, பாரம் தெரியாது. முதல் உலகப் போருக்கு முன்னால் பிரிட்டிஷ் காலாட்படை வீரன் 300 கஜத்தில் நிமிடத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுட வேண்டும் என்று விதி இருந்தது. இந்தப் போல்ட்டைக் கையாண்ட பிறகு எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது. நான் ஒன்பதில் நிற்கிறேன்.

முழு மரக்கட்டை கிடைக்க எனக்கு ஒரு குளிர்காலம் ஆனது. முன்கட்டை ஒருவரிடம், மேல்மூடிகள் வேறொருவரிடம், வளையங்கள் பழஞ்சரக்குக் கண்காட்சி ஒன்றில். பின்கட்டை சட்டை மாதிரி அளவு பார்த்து வாங்க வேண்டியது. குட்டை, சாதாரணம், நீளம் என்று வீரனின் கைக்கேற்பச் செய்திருக்கிறார்கள். எனக்குக் குட்டைதான் சரி. கட்டையில் எஸ் என்று குத்தியிருந்ததைப் பார்த்ததும், எண்பது வருடம் முன்னால் என் உயரத்தில் ஒருவன் இதைத் தோளில் வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

மரத்தை மாட்டுவதுதான் உண்மையான வேலை. யூ-டியூப் பார்த்துத் திருகிவிட்டால் போதும் என்று நினைத்தவன் நான். அண்ணை விடவில்லை. இரும்பு உடம்பின் பின்பக்கம் மரத்தோடு இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். உதை முழுக்க அந்த இரண்டு சிறு முகங்களில்தான் இறங்குகிறது. நடுவில் குழல் மரத்தைத் தொடக் கூடாது. நுனியில் மட்டும் மரம் குழலைச் சில பவுண்டு அழுத்தத்தோடு மேலே தாங்க வேண்டும். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து இரும்பில் பூசினோம். மாட்டி, கழற்றி, மரத்தில் எங்கெல்லாம் கறுப்பு ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் சுரண்டினோம். திரும்ப மாட்டினோம், திரும்பக் கழற்றினோம். பதினேழாவது தடவையில் இரண்டு முகங்களும் முழுக் கறுப்பாக வந்தன. அண்ணை ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் பிளேன் டீ போட்டுக் கொண்டுவந்தார். பாராட்டு அதுதான்.

பிறகு ஆளிவிதை எண்ணெய். கொதிக்கவைத்த ரகம், உள்ளங்கையில் சில சொட்டு, மரம் சூடாகும் வரை தேய்ப்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று வாரம். வார்னிஷ் அடித்துவிடலாமே என்பவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. வார்னிஷ் மரத்தின் மேல் உட்காரும். எண்ணெய் உள்ளே போகும். வெளுத்துக் கிடந்த பிர்ச் மரம் பனைவெல்லத்து நிறத்துக்கு இறங்கி வந்ததை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும்; விரித்துக் காயவிடுங்கள்.

முதல் நாள் சுடுதளம். நூறு கஜத்தில் காகித இலக்கு. மணல் மூட்டையில் கையை ஊன்றி, பித்தளைப் பின்தகட்டைத் தோளில் அழுத்தி, பின் சைட்டின் ஓட்டை வழியாக முன் சைட்டைப் பார்த்தேன். விசையில் இரண்டு கட்டம்: முதலில் நீளமான, இலகுவான இழுப்பு; அப்புறம் ஒரு சுவர். சுவரில் நின்று மூச்சைப் பாதி விட்டேன். அழுத்தினேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது! தீபாவளி அணுகுண்டு போல வெடிப்பது இல்லை. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ கதவைச் சாத்தியது போல ஒரு அடி, பின்னால் தோட்டத்து மரங்களில் உருண்டு போகும் முழக்கம். மூன்று வருடம் ஊமையாக என் தோளில் இருந்தவனின் குரல் இதுதானா? காதுக்கவசத்துக்குள் எனக்குக் கண் நனைந்துவிட்டது.

தொலைநோக்கியில் பார்த்தால் காகிதத்தில் ஓட்டையே இல்லை. அடுத்த நான்கும் அப்படியே. குழல் கெட்டதோ என்று வயிறு கலங்கியது. அண்ணை சிரிக்காமல் சொன்னார்: "தம்பி, உந்தச் சைட் முந்நூறு கஜத்துக்கு வைச்சது, அதுவும் பயோனெட் மாட்டினபடி. எல்லாம் மேலால போகுது. கீழ பிடியும்." கறுப்பு வட்டத்துக்கு ஓரடி கீழே குறி வைத்தேன். ஆறாவது தோட்டா வட்டத்தின் விளிம்பில். பிறகு முன் சைட்டின் பிளேடை உயரமானதாக மாற்றினோம். பிளேடு உயர்ந்தால் தோட்டா இறங்கும். இப்போது ஐந்து தோட்டாக்களும் நூறு கஜத்தில் இரண்டரை அங்குலத்துக்குள் விழுகின்றன. டெலஸ்கோப் இல்லை, வெறும் கண். இத்தனைக்கும் என் குழலில் இரண்டே புரி. ஐந்து புரி போட நேரமில்லை என்று போர்க்காலத்தில் இரண்டோடு நிறுத்தியது, இப்படிச் சுடுகிறது!

தோட்டாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. .303 கூட்டின் அடியில் வெளியே துருத்தும் ஒரு விளிம்பு உண்டு. மேகசினில் அடுக்கும்போது மேலே உள்ளதன் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். மாறினால் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். அந்தக் காலத்தில் உள்ளே இருந்தது பொடி மருந்தில்லை, கார்டைட். பழுப்பு நிறச் சேமியா கற்றையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கற்றையை நேர்க் கூட்டுக்குள் வைத்த பிறகுதான் கூட்டின் கழுத்தையே ஒடுக்குவார்கள். ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு அருவங்காடு ஸ்டேஷன் நினைவிருக்கும். அங்கே இருக்கும் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டைட் செய்யவென்றே தொடங்கியதுதான். ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டு கேரட் தின்றிருக்கிறேன், ஒன்றும் தெரியாமல்.

நான் சுட்ட கூடுகளை எறிவதில்லை, மறுபடி நிரப்புகிறேன். போர்க்களத்துச் சேற்றோடும் தோட்டா உள்ளே போக வேண்டும் என்று ரைஃபிளின் தோட்டா அறையைத் தாராளமாகக் குடைந்திருக்கிறார்கள். அதனால் பித்தளை நீளும், அடிப்பக்கம் மெலியும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்து, கூட்டின் உள்சுவரில் அடியிலிருந்து மேலே இழுப்பேன். ஓரிடத்தில் நகம் தட்டுவதுபோல் தட்டினால் உள்ளே பள்ளம் விழுந்துவிட்டது, அந்தக் கூடு குப்பைக்கு. ஞாயிறு காலையில் அறுபது கூடுகளை இப்படித் தடவிப் பார்ப்பது எனக்கு ஜபம் மாதிரி.

பழைய ராணுவத் தோட்டா கிடைத்துச் சுட்டால், துடைப்பதற்கு எண்ணெயை நம்பாதீர்கள். அவற்றில் பலவற்றின் பிரைமரில் இருக்கும் ரசாயனம் வெடித்ததும் உப்பாகக் குழலில் தங்கும். காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் துருவாக்கும். உப்பு எதில் கரையும்? தண்ணீரில். புனல் வைத்து ஒரு கெட்டில் கொதிநீரை ஊற்றுவேன். குழல் சூடேறி, மிச்ச ஈரத்தைத் தானே ஆவியாக்கிவிடும். பிறகுதான் எண்ணெய். பின்கட்டையின் பித்தளை மூடியைத் திறந்தால் உள்ளே எண்ணெய்க் குப்பியும் புல்-த்ரூவும் இருக்கும். கயிற்றில் துணியைச் செருகி ஒரே இழுப்பு. அந்தத் துணிக்கு என்.சி.சி.யில் சிந்தி என்று பெயர். இன்றைக்கும் என் வாயில் அதுதான் வருகிறது.

கனடாவின் வடக்கே பனிப்பரப்பைக் காவல் காக்கும் ரேஞ்சர்கள் இந்த நம்பர் 4-ஐத்தான் 1947-லிருந்து எழுபது வருடம் வைத்திருந்தார்கள். எண்ணெய் உறையும் குளிரிலும் இந்தப் போல்ட் நகர்ந்தது. யாராவது என்னிடம் இது அலமாரியில் வைக்கும் பழம்பொருள்தானே என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

சொல்ல மறந்தேன். சஸ்காட்செவானிலிருந்து ஒருவர் பழைய மூன்றாம் மார்க் ஒன்றை விற்கிறார். படம் அனுப்பினார். கிரீடத்தின் கீழே ஜி.ஆர்.ஐ. என்ற மன்னர் முத்திரை, அதன் கீழே இஷாப்பூர், 1942. முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி. மரம் பிளக்காமல் இருக்க இஷாப்பூர் தொழிற்சாலை போட்டது. நான் தோளில் சுமந்த அதே ரகம், குழலில் துளை இல்லாமல். உரிமத்தைச் சரிபார்த்தாகிவிட்டது, பணம் போய்விட்டது. வியாழக்கிழமை தபாலில் வருகிறது. மேசையைக் காலி செய்து, பழைய ஃபிளானல் சட்டையை வெட்டி நாற்பது சிந்தி அடுக்கி வைத்திருக்கிறேன்.