தலைப்பும் சான்றும்

2007 ஜூலை 12 அன்று பாக்தாத் நகரில் அமெரிக்க ஹெலிகாப்டர்கள் சுட்டதில் ராய்ட்டர் நிறுவனத்தின் புகைப்படக்காரர் நமீர் நூருத்தீனும் ஓட்டுநர் சயீத் ஷ்மாக்கும் மாண்டனர். ஹெலிகாப்டரில் பதிவான படத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழி ராய்ட்டர் கோரியும் கிட்டவில்லை. 2010 ஏப்ரல் 5இல் விக்கிலீக்ஸ் அதனை இணையத்தில் வெளியிட்டது. 39 நிமிட முழுப் பதிவாக ஒன்று, 18 நிமிட அளவில் தொகுத்தது மற்றொன்று.

காயமுற்றவரை ஏற்றிச் செல்ல வந்த வேன் மீதும் சுடுகிறார்கள். உள்ளே இரண்டு குழந்தைகள். சுடுவதற்கு அனுமதி கேட்டுப் பரபரக்கும் அந்தக் குரல்களைக் கேட்டவர்க்கு வேறு விளக்கவுரை எதற்கு? ஆயினும் தொகுத்தவர்கள் பொறுக்கவில்லை. தற்செயல் சேதம் என்னும் படைத்துறை வழக்கில் சேதத்தை நீக்கிக் கொலையை வைத்து, 'கொலாட்டரல் மர்டர்' என்று பெயர் சூட்டினார்கள். சாட்சி வாய் திறக்குமுன் தீர்ப்பு வந்துவிடுகிறது. (தலைப்பு வைக்கும் ஆசை நம்மையும் விட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. செய்தியாளர் இருவரையும் அம்புக்குறியிட்டுக் காட்டும் குறும்படம், அக்கூட்டத்தில் சிலர் கையில் ஆயுதமாகத் தோன்றுவனவற்றைச் சுட்டாமல் கடக்கிறது. சுட்டியிருந்தால் வேன் மீது நிகழ்ந்த கொடுமை அணுவளவும் குறைந்திராது; படத்தின் மீதான நம்பிக்கை கூடியிருக்கும்.

இக்குறையை நாம் காண முடிந்தது, பக்கத்திலேயே அவர்கள் வைத்த முழுப் பதிவினால்தான். ராய்ட்டர் கேட்டபோது அரசு தராமல் வைத்திருந்ததும் அதே பதிவுதான்.