அச்சம் சூட்டும் பெயர்: ‘18வது அட்சக்கோடு’ நாவலை முன்வைத்து

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ (1977) பற்றிப் பேச்சு வந்தால் நம்மாட்கள் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவார்கள். கலவர இரவு, சுவரேறிக் குதிக்கும் இளைஞன், குடும்பத்தைக் காப்பாற்றத் தன் உடையைக் களைந்து நிற்கும் பெண், அவன் வாந்தியெடுத்துக்கொண்டு ஓடுவது. ‘மனிதாபிமானத்தின் உச்சம்’ என்று ஒரு வரி எழுதி முடித்துக்கொள்வது வழக்கம். ஆனால் அந்த இருட்டு வீடு வரைக்கும் அவனைக் கொண்டுவந்து சேர்த்தது அச்சம். அதற்கு முந்தைய பக்கங்களில் அது என்னென்ன வேலை செய்கிறது என்பதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

நாவலின் இடம் நிஜாம் ஆட்சியிலிருந்த செகந்திராபாத், காலம் 1947-48. ஆள்பவர் முஸ்லிம், குடிகளில் பெரும்பான்மையோர் இந்துக்கள். 1947 நவம்பரில் நிஜாம் இந்திய அரசோடு ‘உள்ளது உள்ளபடி’ ஒப்பந்தம் செய்துகொள்கிறார். காசிம் ரஸ்வி தலைமையில் ரஜாக்கர்கள் பெருகுகிறார்கள். 1948 செப்டம்பர் 13 அன்று இந்திய ராணுவம் நுழைகிறது; ஐந்து நாளில் எல்லாம் முடிகிறது. ‘போலீஸ் நடவடிக்கை’ என்று அதற்குப் பெயர். இதற்கு நடுவில் சந்திரசேகரன்: ரயில்வே ஊழியரின் மகன், பிழைக்கப்போன தமிழ்க் குடும்பத்துப் பையன். கிரிக்கெட், சைக்கிள், கல்லூரி, அவ்வளவுதான் அவன் உலகம்.

இந்த உலகத்துக்குள் அச்சம் கத்தியோடு வருவதில்லை. பேச்சாக, வதந்தியாக, பெரியவர்கள் தணிந்த குரலில் சொல்லும் எச்சரிக்கையாக வருகிறது. எந்தத் தெருவில் எப்போது போகலாம் என்பது மாறுகிறது. நேற்றுவரை கூட விளையாடியவன் என்ன மதம் என்பது திடீரென்று முக்கியமாகிறது. பக்கத்து வீட்டோடு இருந்த அன்றாடப் புழக்கம் இறுகிப்போகிறது. யாரும் ஆணையிடவில்லை, அவரவர் தாமாகவே தம் உடம்பைச் சுருக்கிக்கொள்கிறார்கள். அதிகாரம் தடியைத் தூக்காமலே வேலைசெய்வது இப்படித்தான். ஃபூக்கோவைப் படித்துவிட்டுத்தான் இதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்பதில்லை. ஊரில் யாருக்காவது ஒதுங்கி நடந்த எவருக்கும் இது தெரியும்.

கதைசொல்லல் ‘நான்’ என்பதிலிருந்து ‘சந்திரசேகரன்’ என்பதற்கும் திரும்ப ‘நான்’ என்பதற்கும் மாறிக்கொண்டே இருப்பதை உருவவாதிகள் ‘உத்தி’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது அச்சத்தின் இலக்கணமாகவே படுகிறது. பயந்தவன் தன்னை எப்போதும் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்தத் தெருவில், இந்த உடுப்பில், இந்த முகத்தோடு நான் யாராகத் தெரிகிறேன்? தன்னிலை படர்க்கையாக உடைவது இந்தக் கேள்வியில்தான்.

இனி அந்தக் கடைசி வீடு. ராணுவம் வந்துவிட்டது, அஞ்சவேண்டியவர்கள் இப்போது வேறு ஆட்கள். சமஸ்தானத்தில் நடந்ததை விசாரிக்க நேரு அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு, ராணுவ நடவடிக்கையின்போதும் அதன் பிறகும் 27,000 முதல் 40,000 பேர்வரை கொல்லப்பட்டதாகக் கணக்கிட்டது. அறிக்கை பல பத்தாண்டுகள் மூடிவைக்கப்பட்டது. அதற்குள் தமிழில் ஒரு நாவல் அந்த இரவின் ஒரு வீட்டைத் திறந்து காட்டிவிட்டது. அந்த வீட்டுக்குள் குதிக்கும் சந்திரசேகரன் கொல்ல வந்தவனல்ல. அவனே பயந்து ஓடிவந்தவன். ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்? சுவரேறி வந்த இந்து இளைஞன், அவ்வளவுதான். அவன் என்ன நினைக்கிறான், யாரோடு கிரிக்கெட் ஆடினான் என்பதெல்லாம் அங்கே செல்லாக்காசு. அவர்களுடைய அச்சம் அவனுக்கு ஒரு பெயர் சூட்டுகிறது. அந்தப் பெயரை மறுக்க அவனிடம் ஒரு சொல்கூட இல்லை.

இந்த இடத்தில் பிரதியோடு எனக்குச் சண்டையும் உண்டு. அந்தப் பெண்ணுக்குப் பெயரில்லை. அவன் ஓடியபிறகு அந்த இரவு அவளுக்கு எப்படி விடிந்தது என்று நாவல் சொல்வதில்லை. அவளுடைய உடல் அவன் கண்திறப்பதற்கான கருவியாக நின்றுவிடுகிறது. ‘மனிதாபிமான’ வாசிப்பு இதைத்தான் பிடித்துக்கொள்கிறது: அவன் வாந்தியெடுத்துவிட்டான், ஆகவே அவன் நல்லவன், ஆகவே அவனோடு ஓடும் நாமும் நல்லவர்கள். அதே சமஸ்தானத்தில், அதே ஆண்டுகளில், தேஷ்முக்குகளுக்கு அஞ்சிக்கிடந்த தெலங்கானா விவசாயிகள் அச்சத்தை உதறி ஆயுதமேந்தியிருந்தார்கள் என்பதும் இந்த நகரத்துப் பையனின் பார்வைக்குள் வரவில்லை. அச்சத்தை ஒன்றுகூடி வெல்லமுடியும் என்ற சாத்தியம் நாவலுக்கு வெளியே நிற்கிறது.

ஆனாலும் பிரதி ஒரு பொய்யைச் சொல்ல மறுத்திருக்கிறது. அவனை மீட்பனாக ஆக்கவில்லை. அவன் அவளுக்குச் சட்டையை எடுத்துக்கொடுக்கவில்லை, ‘சகோதரி’ என்று அழைக்கவில்லை. சினிமாவில் அதைத்தான் செய்திருப்பார்கள். அவன் ஓடுகிறான். அவனால் முடிந்தது அவ்வளவுதான் என்பதில்தான் நாவலின் நேர்மை இருக்கிறது.

நம்மை ஒடுக்குபவரைக் கண்டு நாம் ஏன் அஞ்சுகிறோம் என்று நம் இயக்கங்கள் நிறையப் பேசியிருக்கின்றன. இந்த நாவல் கேட்பது அதன் மறுபக்கம்: நாம் ஒன்றுமே செய்யாதபோதும் நம்மைக் கண்டு யார் அஞ்சுகிறார்கள்? பெரும்பான்மையாக இருப்பதற்குக் கையில் கத்தி வேண்டியதில்லை, பிறந்திருந்தால் போதும். மதத்துக்கு மட்டுமல்ல, சாதிக்கும் இது பொருந்தும். நல்ல மனசு இருக்கிறது என்று சொல்லி அந்த வீட்டைவிட்டு வெளியே வந்துவிட முடியாது.