சனசமூக நிலையத்துப் பொன்விழா மலர்

யாழ்ப்பாணத்து ஊர் ஒன்றின் வரலாறு வேண்டுமென்றால் அங்குள்ள சனசமூக நிலையத்தின் விழா மலரைத்தான் முதலில் தேடுவேன். ஆசிச் செய்திகளைத் தாண்டினால், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கட்டுரை நிச்சயம் இருக்கும்: தூர்ந்துபோன குளம், காணிகளின் பழைய பெயர்கள், சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக் கல்லும் நின்ற இடம், கேணி வெட்டுவித்தவர் பெயர். இவற்றையெல்லாம் எழுதி வைப்பது எவ்வளவு பெரிய வேலை!

1981இல் யாழ். பொதுநூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. பின்னர் வந்த இடம்பெயர்வுகளில் இம்மலர்கள் இருந்த வீட்டு அலுமாரிகளும் போயின. வீட்டுக்கு வீடு கொடுத்ததாலும், ரொறன்ரோ, லண்டன் என்று உறவுகளுக்கு அனுப்பியதாலும் தப்பிய மலர்கள் உண்டு. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இத்தகைய மலர்களை வருடி, எவரும் இலவசமாகப் படிக்கத் தருகிறது. விளம்பரப் பக்கங்களையும் விடக்கூடாது. மூடிப்போன கடைகளின் பெயர்கள் வேறெங்கே கிடைக்கும்?