நோக்கியா என்800: கணக்குக் கேட்காத கைக்கணினி

2007 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் நோக்கியா ஒரு கைக்கருவியை அறிமுகம் செய்தது. பெயர் என்800. அதே வாரத்தில்தான் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை மேடையில் காட்டினார். ஊரே ஐபோனைப் பார்க்கத் திரும்பியது, என்800 பற்றிய பேச்சு அடங்கிப்போனது. திரையை மட்டும் வைத்துப் பார்த்தால் அன்று முந்தி நின்றது நோக்கியாதான். 4.1 அங்குலத் திரையில் 800க்கு 480 புள்ளிகள். முதல் ஐபோனில் 480க்கு 320. அகலமான ஒரு வலைப்பக்கத்தை இடம் வலம் இழுக்காமல் படிக்க முடிந்த கருவி, அதுவும் சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில், அப்போது மிக அரிது.

இது ஃபோன் அல்ல. சிம் போட இடமே இல்லை. வெளியுலகத்தோடு பேச வைஃபை, புளூடூத் என்று இரண்டே வழி. நோக்கியா இந்த வரிசைக்கு 'இன்டர்நெட் டேப்லெட்' என்று பெயர் வைத்தது. 2005இல் வந்த 770 மூத்தது. அதற்கு அடுத்து என்800. 2007 கடைசியில் விசைப்பலகையும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து என்810 வந்தது. மூன்றிலும் ஓடுவது மேமோ. டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து நோக்கியா கட்டிய இயங்குதளம் அது.

பழைய பொருள் விற்கும் இணையச் சந்தைகளில் என்800 இன்றும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. லினக்ஸ் படிக்கும் மாணவர்களும் பழைய கருவி சேகரிப்பவர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: வாங்கினால் நெட் கிடைக்குமா? கிடைக்கும். அதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். மெனக்கெட்டபின் எதுவரை போகலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மின்சாரம். என்800இல் இருப்பது பிபி-5எல் பேட்டரி, 1500 எம்ஏஎச். பின்மூடியைத் திறந்து கையாலேயே கழற்றி மாற்றலாம். இத்தனை வருடம் கிடந்த பேட்டரியை நம்பாதீர்கள், உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். அதே எண்ணில் மாற்று பேட்டரிகள் இன்னும் விற்கின்றன. யூஎஸ்பி துளை இருந்தாலும் அது கோப்புகளைக் கடத்தத்தான், அதன் வழியாகச் சார்ஜ் ஏறாது. பழைய நோக்கியா ஃபோன்களுக்கு வரும் மெல்லிய 2 மில்லிமீட்டர் ஊசிப்பின் சார்ஜர் வேண்டும். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

மெமரி கார்டு விஷயத்தில் என்800 தாராளம். முழு அளவு எஸ்டி கார்டு இரண்டு போடலாம், ஒன்று மூடிக்குள், மற்றொன்று வெளியே. பிற்கால மென்பொருளில் எஸ்டிஎச்சி கார்டுகளும் ஓடும். 32 ஜிபிக்கு மேற்பட்ட இன்றைய கார்டுகள் எக்ஸ்ஃபேட் வடிவில் வருவதால் அப்படியே போட்டால் படிக்காது. 32 ஜிபிக்குள் ஒன்றை எடுத்து ஃபேட்32 ஆக மாற்றிப் போடுவது தொல்லையில்லாத வழி.

பேட்டரி ஏறியதும் பொத்தானை அழுத்துங்கள். மொழி எது, எந்த ஊர் நேரம், இன்று என்ன தேதி என்று கேட்கும். மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை, தமிழ் விசைப்பலகையும் இல்லை. அது ஒரு குறைதான். பதில் சொல்லி முடித்தால் முகப்புத் திரை வந்துவிடும். மின்னஞ்சல் முகவரி கேட்கவில்லை, ஃபோன் எண் கேட்கவில்லை, கணக்குத் தொடங்கச் சொல்லவில்லை, எந்த ஒப்பந்தத்துக்கும் தலையாட்டச் சொல்லி மறித்து நிற்கவில்லை. இன்று ஒரு புதிய டேப்லெட்டைத் திறந்தால் முகப்பைப் பார்ப்பதற்குள் எத்தனை கேள்விகள் வருகின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கியவரை உரிமையாளராக நடத்துகிறது இந்தக் கருவி. இந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு இதன்மேல் மரியாதை.

தேதியைச் சரியாக வையுங்கள். பேட்டரியைக் கழற்றி வைத்திருந்த கருவியில் கடிகாரம் எங்கோ பின்னால் போயிருக்கும். தேதி தப்பினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும். பிறகு நெட்டைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

உள்ளே எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதையும் பாருங்கள். கடைக்கு வந்தபோது இருந்தது ஓஎஸ்2007. அதில் இதன் ஓமேப் 2420 சில்லு 330 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஓஎஸ்2008 ஏற்றினால் அதே சில்லு 400 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஓபரா உலாவி போய் மோசில்லாவின் அடித்தளத்தில் கட்டிய மைக்ரோபி வரும். டெர்மினலும் கூடவே வரும். இதை ஏற்றும் நோக்கியாவின் தளம் இப்போது இல்லை. மேமோ ஆர்வலர்கள் பாதுகாத்து வைத்திருக்கும் பிரதியைத் தேடி எடுத்து, லினக்ஸ் கணினியிலிருந்து 'பிளாஷர்' என்ற சிறு நிரல் மூலம் யூஎஸ்பி கம்பி வழியாக ஏற்ற வேண்டும். ஏற்றினால் உள்ளே இருந்தவை எல்லாம் அழியும், பழைய உரிமையாளரின் மிச்சங்களும் சேர்ந்தே போகும். ஆகவே செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

இனி வைஃபை. என்800க்குத் தெரிந்தது 802.11 பி, ஜி என்ற பழைய இரண்டு முறைகள். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. இன்று வீடுகளில் ஃபைபர் இணைப்போடு கொடுக்கும் ரூட்டர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களில் அலை வீசும், ஒன்றின் வாலில் '5ஜி' என்று இருக்கும். அந்தப் பெயர் என்800இன் கண்ணிலேயே படாது, மற்றதுதான் தெரியும். தெரிந்தும் இணைய மறுத்தால் ரூட்டர் அமைப்புக்குள் இரண்டைப் பாருங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2 ஆக மாற்ற வேண்டும். அலை முறை '802.11 என் மட்டும்' என்று இருந்தால் பழையவற்றையும் சேர்த்து அனுமதிக்க வேண்டும். இதற்காக ரூட்டரைப் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து போடாதீர்கள், டபிள்யூஇபி என்ற மிகப் பழைய பூட்டுக்கும் இறங்காதீர்கள். இந்தக் கருவிக்கு டபிள்யூபிஏ2 நன்றாகவே தெரியும்.

பெயரைத் தொட்டு, பாஸ்வேர்டைத் தட்டினால் முடிந்தது. தட்டுவதிலும் ஒரு நேர்த்தி உண்டு. எழுதும் கட்டத்தை ஸ்டைலஸ் முனையால் தொட்டால் சின்ன விசைப்பலகை வரும், விரலால் அழுத்தினால் திரை முழுவதும் பெரிய விசைகள் விரியும். தொட்டது பேனாவா விரலா என்று அழுத்தத்தை வைத்தே கண்டுகொள்கிறது. அழுத்தத்தை உணரும் திரை என்பதால் தடவினால் வேலைக்கு ஆகாது, கொஞ்சம் அமுக்க வேண்டும். இன்றைய ஃபோனுக்குப் பழகிய விரல் முதலில் திணறத்தான் செய்யும்.

இணைப்பு அடிக்கடி அறுந்தால், அந்த இணைப்பின் 'அட்வான்ஸ்டு' பகுதிக்குள் போங்கள். அங்கே மின்சேமிப்பு அளவு, அலைபரப்பும் வலு இரண்டையும் நாமே வைக்கலாம். சில ரூட்டர்களுக்கும் இதன் மின்சேமிப்பு முறைக்கும் ஒத்துப்போகாது, அதைக் குறைத்ததும் இணைப்பு நிலையாக நிற்கும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வைஃபை தேட வேண்டும், எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் துண்டிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். இவ்வளவு திருகுகளைப் பயன்படுத்துபவர் கையில் கொடுத்த கருவிகள் குறைவு.

சிம் இல்லாத கருவி தெருவில் எப்படி இணைந்தது என்று கேட்கலாம். பையில் இருக்கும் சாதாரண ஃபோன்தான் மோடம். புளூடூத்தில் இரண்டையும் இணைத்து, நாட்டையும் நிறுவனத்தையும் பட்டியலில் தேர்ந்தெடுத்தால் ஏபிஎன் பெயரும் *99# என்ற டயல் எண்ணும் தானாக நிரம்பும். பட்டியலில் இல்லாவிட்டால் கையால் எழுத வேண்டும், பிஎஸ்என்எல் என்றால் 'பிஎஸ்என்எல்நெட்'. இங்கே 3ஜி வருவதற்கு முந்தைய ஜிபிஆர்எஸ் காலத்தில் ஒரு பக்கம் முழுதாக வரப் பொறுமை வேண்டியிருந்தது. இன்றைய ஸ்மார்ட்ஃபோன்கள் இந்த டயல்-அப் முறையைக் கைவிட்டுவிட்டன. பதிலுக்கு ஹாட்ஸ்பாட் இருக்கிறது. அதன் அமைப்பில் அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஐபோனில் அதற்கென்றே 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற பொத்தான் உண்டு.

இத்தனையும் சரியாகச் செய்தபின் உலாவியைத் திறந்து ஒரு செய்தித்தளத்தின் முகவரியைத் தட்டினால் பெரும்பாலும் பக்கம் வராது. பலர் இந்த இடத்தில் 'வைஃபை போச்சு' என்று முடிவு கட்டிக் கருவியை மூலையில் போடுகிறார்கள். வைஃபையில் ஒரு குறையும் இல்லை. டெர்மினலில் பிங் அடித்துப் பாருங்கள், பதில் வரும். மாறியிருப்பது வலைத்தளங்களின் பூட்டு. நமக்கும் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் முறையின் 1.2 பதிப்பு 2008இல்தான் தரமாக வெளியானது. என்800இன் உலாவிக்குத் தெரிந்தது 1.0 வரைதான். 2020இல் பெரிய உலாவிகள் எல்லாம் 1.0, 1.1 இரண்டையும் கைவிட்டன, தளங்களும் 1.2க்குக் கீழ் பேசுவதை நிறுத்தின. போதாததற்குச் சான்றிதழ்களின் காலமும் முடிந்துவிட்டது. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழ்கள் பழைய கருவிகளில் செல்லுபடியாகக் காரணமாக இருந்த மூலச்சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது.

பழைய பூட்டுகளை நீக்கியதைத் தவறு என்று சொல்ல மாட்டேன், அவை உடைக்கக் கூடியவை. ஆனால் வன்பொருள் ஒழுங்காக ஓடும் ஒரு கருவிக்குப் புதிய பூட்டைச் சொல்லிக்கொடுக்கத் தயாரிப்பாளர் இல்லாமல் போனதுதான் வருத்தம். நோக்கியா 2010இல் மேமோவை இன்டெலின் மோப்ளினோடு சேர்த்து மீகோ என்றாக்கியது. 2011 பிப்ரவரியில் விண்டோஸ் ஃபோன் பக்கம் சாய்ந்தது. அங்கிருந்து வெளியேறியவர்கள் யோல்லா நிறுவனத்தில் செயில்ஃபிஷ் என்ற புதிய தளத்தைக் கட்டினார்கள். என்800ஐத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

சுற்றுவழி ஒன்று உண்டு. வீட்டுக் கணினியிலோ ராஸ்பெர்ரி பையிலோ 'வெப்ஒன்' என்ற ப்ராக்ஸி மென்பொருளை ஓடவிடுங்கள். அது புதிய பூட்டில் தளத்தோடு பேசி, பக்கத்தைச் சாதாரண எச்டிடிபியாக மாற்றி என்800க்குக் கொடுக்கும். இணைப்பின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் ப்ராக்ஸி என்ற இடத்தில் அந்தக் கணினியின் ஐபி முகவரியையும் 8080 என்ற போர்ட்டையும் எழுதினால் போதும். எழுத்து நிறைந்த பக்கங்கள் நன்றாகவே வரும். ப்ராக்ஸி வைக்க வசதியில்லாதவர்கள், பழைய உலாவிகளுக்கென்றே கட்டிய ஃப்ராக்ஃபைண்ட் தேடுதளத்தில் எழுத்தை மட்டும் உரித்தெடுத்துப் படிக்கலாம். எப்படிப் போனாலும் வங்கிக் கடவுச்சொல், ஆதார் எண், சொந்த மின்னஞ்சல் எதையும் இந்தக் கருவியில் தட்டாதீர்கள். ப்ராக்ஸியிலிருந்து கருவி வரைக்கும் தகவல் திறந்தபடியே வருகிறது.

வலையை விட்டுவிட்டால் என்800 இன்னும் உழைக்கும். எஃப்பிரீடர் போட்டால் மின்னூல் படிக்கலாம். பின்னால் இருக்கும் காலை விரித்து மேசையில் நிறுத்தி, இருபக்க ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்கலாம். ஹெட்ஃபோன் கம்பியை ஆண்டெனாவாகக் கொண்டு எஃப்எம் வானொலி வரும். அதற்கு நெட்டும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். எனக்கு அதிகம் பயன்படுவது எஸ்எஸ்எச். வீட்டு சர்வரைக் கட்டில் ஓரத்திலிருந்து பார்த்துக்கொள்ள இந்தத் திரை போதும். ஒரு குறிப்பு: ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 பதிப்பிலிருந்து பழைய எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ கையொப்பம் இயல்பாக முடக்கப்பட்டிருக்கிறது. வீட்டு வலைக்குள் மட்டும், சர்வரில் அதை நீங்களே அனுமதித்தால்தான் இது உள்ளே நுழையும்.

மென்பொருள் பட்டியலில் நோக்கியாவின் சேவையக முகவரிகளை முடக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் தேடித் தேடிப் பிழை காட்டும். டெப் கோப்புகளை மெமரி கார்டில் கொண்டுவந்து நிறுவலாம். மென்பொருள்களை நிறுவும் மேலாளரின் ஆழமான பகுதி திறக்க வேண்டுமானால், புதிய பட்டியல் சேர்க்கும் இடத்தில் முகவரியாக 'மேட்ரிக்ஸ்' என்று எழுதி ரத்துச் செய்ய வேண்டும். சிவப்பு மாத்திரையா நீல மாத்திரையா என்று கேட்கும், 'மேட்ரிக்ஸ்' படம் பார்த்தவர்களுக்குப் புரியும். சிவப்பைத் தொட்டால் மறைந்திருந்த பொதிகள் எல்லாம் தெரியும். ரூட் அதிகாரமும் ஒரு சிறு பொதியை நிறுவினாலே கிடைத்துவிடுகிறது. உடைத்துத் திறக்க வேண்டியதில்லை, உத்தரவாதத்தைக் காட்டி மிரட்டுவதும் இல்லை. லினக்ஸ் கற்பவருக்கு இதைவிட நல்ல கைக்கருவி அந்தக் காலத்தில் வரவில்லை என்பது என் உறுதியான கருத்து.

அன்றாட உலாவலுக்கும் யூபிஐக்கும் வாட்ஸ்அப்புக்கும் டேப்லெட் தேடுபவர் இதை வாங்க வேண்டாம். லினக்ஸ் பழகவும், மின்னூல் படிக்கவும், வீட்டு சர்வரைக் கவனிக்கவும் ஒரு சின்னக் கணினி வேண்டும் என்பவர் தாராளமாக வாங்கலாம். வாங்கும்போது நான்கைப் பாருங்கள்: பேட்டரி உப்பியிருக்கிறதா, திரையின் நான்கு மூலையிலும் தொடுதல் வேலை செய்கிறதா, ஸ்டைலஸ் உள்ளே இருக்கிறதா, ஊசிப்பின் சார்ஜர் ஆடாமல் பிடிக்கிறதா. நான்கும் சரியாக இருந்தால் இரண்டாயிரம் ரூபாய் வரை கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.