பிட்சாவை விடுங்க, மைதானம் எங்கே?

2015-ல் வந்த ‘காக்கா முட்டை’ படத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் பிட்சாவில்தான் ஆரம்பிப்பார்கள். விளம்பரம், ஏழைப் பையன்களின் ஆசை, ஆயா சுட்ட தோசை... எல்லாம் சரி. அந்த பிட்சா கடை எங்கே முளைக்கிறது, கவனித்தீர்களா? பசங்க விளையாடிக்கொண்டிருந்த காலி இடத்தில்! அண்ணனும் தம்பியும் ஏறி முட்டை எடுத்துக் குடித்த மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டுத்தான் கடை கட்டுகிறார்கள்.

தங்களிடமிருந்து ஒன்று பறிபோனது என்பதே பசங்களுக்கு உறைப்பதில்லை. பதிலுக்கு ஒரு ஆசையைக் கொடுத்துவிட்டார்களே! கடைசியில் பிட்சா ருசிக்கவில்லை என்று தெரிந்ததும் நாமெல்லாம் கைதட்டினோம். மைதானம்? போனது போனதுதான். என்னைக் கேட்டால், படத்தின் நிஜமான சோகமே அதுதான். இயக்குநர் மணிகண்டன் அந்த இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம் என்று எனக்கு ஒரு குறை உண்டு.

அதே வருஷம் டிசம்பரில் பாண்டிராஜின் ‘பசங்க 2’ வந்தது. இது அபார்ட்மென்ட் கதை. ஒரு இடத்தில் உட்காராத இரண்டு வாண்டுகள், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மாற்றி அலுத்துப்போன பெற்றோர். நல்ல டாக்டராக சூர்யாவும் நல்ல டீச்சராக அமலா பாலும் வந்தால் வழி பிறக்கும் என்கிறது படம். அக்கறையான படம்தான். டாக்டர் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. ஆனால், குழந்தையைச் சுற்றி எப்போது பார்த்தாலும் பெரியவர்கள் கூட்டம்! அவர்களைக் கொஞ்ச நேரம் யாருமே பார்க்காமல் தெருவில் விட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி படத்துக்குத் தோன்றவே இல்லை.

நமக்கு மட்டும் தோன்றுகிறதா என்ன? பரீட்சை முடிந்த மறுநாளே கோடை முகாம். காலையில் கராத்தே, அப்புறம் கீபோர்டு, சாயங்காலம் அபாகஸ். இதிலும் ஒரு கூத்து... ‘பாரம்பரிய விளையாட்டுப் பயிற்சி’ என்று வேறு ஆரம்பித்துவிட்டார்கள். கில்லி அடிக்க ஃபீஸ்! பக்கத்தில் விசிலோடு ஒரு மாஸ்டர்! மாஸ்டர் விசில் ஊதினால் அதற்குப் பெயர் கில்லி இல்லைங்க, பி.டி. பீரியட்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், விளையாட்டில் பாதி நேரம் விளையாட்டே நடக்காது. சண்டைதான் நடக்கும். அவுட்டா, இல்லையா? பந்து சுவரைத் தாண்டினால் சிக்ஸரா, ஆட்டம் காலியா? மட்டை யாருடையதோ அவன் கோவித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவான். அவனைச் சமாதானம் செய்து கூட்டிவர ஒரு தூதுவன் போவான்.

கூடவே தம்பியைத் தூக்கிக்கொண்டு ஒரு அக்கா வருவாள். தம்பிக்கு நாலு வயசு. சேர்த்தால் ஆட்டம் கெடும், சேர்க்காவிட்டால் அவன் அழுது ஊரைக் கூட்டுவான். என்ன செய்வது? ‘உப்புக்குச் சப்பாணி’! ஓடலாம், தொடலாம், கத்தலாம், ஆனால் அவுட் கிடையாது. எந்த மாஸ்டரும் சொல்லித் தராமல் பசங்களே கட்டிக்காத்த ஏற்பாடு இது. எனக்குத் தெரிந்து இதைவிட நாசூக்கான இடஒதுக்கீடு கிடையாது.

ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே ஜெனீவாவிலும் நியூஷாட்டெலிலும் கோலி ஆடும் பையன்களிடம் போய், “எப்படி ஆடுறது, சொல்லிக்கொடுங்க” என்று உட்கார்ந்தார். 1932-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். வாண்டுகள், விதி என்றால் பெரியவர்கள் போட்டது, மாற்றவே கூடாது என்று நினைக்கின்றன. பத்து வயதைத் தாண்டியவர்கள் அப்படியில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்பது அவர்களுக்குப் புரிகிறது. சட்டசபை நடக்கும் லட்சணத்தைப் பார்க்கையில், நம் பெரியவர்கள் சிலர் கோலியே ஆடாமல் வளர்ந்துவிட்டார்களோ என்று சந்தேகம் வருகிறது.

‘அதெல்லாம் இருக்கட்டும், என்ன பிரயோஜனம்?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நான் பி.காம்., கணக்கில்லாமல் பேசமாட்டேன். சீனாவின் குவாங்ஜோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வைத்துப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் 30.4 சதவிகிதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் 39.5 சதவிகிதம். 2015-ல் வெளியான முடிவு இது. வெளிச்சத்துக்கு ஃபீஸ் கிடையாது.

பயம் இல்லையா என்றால், இருக்கிறது. தெருவில் பைக் பறக்கிறது, மே மாத வெயில் மண்டையைப் பிளக்கிறது. பெண் பிள்ளை என்றால் பத்து பன்னிரண்டு வயதிலேயே ‘உள்ளே வா’ என்று குரல் வந்துவிடும். ‘வண்டி வருது’ என்ற கவலை நியாயமானது. அது அண்ணனுக்கு மட்டும் ஏன் பொருந்துவதில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் எழுந்து கேட்டுப் பாருங்கள். லீவு முடிகிறவரை சாயங்காலம் அஞ்சிலிருந்து ஏழு வரை பார்க்கிங்கில் ஒரு பக்கம் கார் நிற்கக் கூடாது. ‘இங்கே விளையாடாதே’ போர்டைக் கழற்ற வேண்டும். ஒருத்தர் ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். ரத்தம் வந்தால் மட்டும் எழுந்தால் போதும். முதல் நாலு நாள் பசங்க ‘போரடிக்குது’ என்று நச்சரிப்பார்கள், ரிமோட்டைக் கொடுத்துவிடாதீர்கள். கீழ்வீட்டு மாமா ஜன்னல் கண்ணாடி உடையும் என்பார். உடையத்தான் செய்யும்! மெயின்டனன்ஸ் கணக்கில் அதற்கென்று ஒரு தலைப்பு போட்டுவிடுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.